பிரம்பைக் கீழே போட்ட ஆசிரியைக்கு ஒரு விரிவான பதில்

தாராபுரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "பிரம்பைத் தொடாமல், பிள்ளைகளைப் பேசவிட்டு, அவரவர் வேகத்தில் கற்கவிட்டுப் பாடம் நடத்தப் பார்க்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் 'இது வகுப்பா, சந்தையா?' என்கிறார்கள். பெற்றோரே வந்து 'நாலு போட்டுப் படிக்க வையுங்கள்' என்கிறார்கள். மேலே இருப்பவர்களுக்கு வேண்டியது புள்ளிவிவரம் மட்டும்தான். நண்பர்கள் சிலர் சொந்தமாக ஒரு மாற்றுப் பள்ளி தொடங்கப்போகிறார்கள், என்னையும் அழைக்கிறார்கள். அரசு வேலையை விட்டுவிட்டுப் போவதா, இங்கேயே கிடந்து மல்லுக்கட்டுவதா? பிள்ளைகளை மனிதர்களாக மதிக்கும் பள்ளி என்பது நம் கொங்கு நாட்டில் நடக்கக்கூடிய காரியம்தானா?" கூடவே, நான்காம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறுமி பல மாதங்களாக வாயே திறக்கவில்லை, அவளை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

நடக்கும் அம்மா. வேலையை விடாதீர்கள். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டு, ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது, எங்கே கை வைத்தால் அசையும் என்பதை விரிவாக எழுதுகிறேன். ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் பட்டதாரி ஆசிரியராகவும், இடையில் வட்டார வளமையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகவும், கடைசியில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மனச்சோர்வை நன்றாகவே அறிவேன்.

முதலில் பெற்றோர். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று ஒரு தகப்பனார் வந்து சொல்லும்போது உங்களுக்கு வயிறு எரிகிறது. அவர் எங்கிருந்து வருகிறார் என்று பாருங்கள். தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்தில் பாதி நிலம் மழையை நம்பிய மேட்டாங்காடு. மழை தொடர்ந்து பொய்த்தால் கிணறு வற்றும், மாடு கைமாறும், அடுத்த பஸ் திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான். அங்கே ஒரு ஷிப்ட் முடிந்தும் வீடு திரும்பாமல் அடுத்த அரை ஷிப்டுக்கு நின்றவர் அவர். தன் பிள்ளை அதே இடத்தில் வந்து நிற்கக்கூடாது என்ற ஒரே பயம்தான் அவரை உங்களிடம் அனுப்புகிறது. பள்ளியில் படும் அடி, வாழ்நாள் முழுக்கப் படும் அடியைவிடக் குறைவு என்பது அவர் கணக்கு. அடிக்காத வாத்தியாருக்கு அக்கறை இல்லை என்றும் அவர் நம்புகிறார், ஏனென்றால் அவர் காலத்தில் அக்கறை காட்டிய வாத்தியார் அடித்தார், அக்கறை இல்லாதவர் நாற்காலியில் தூங்கினார். அடிக்காமல் அக்கறை காட்டிய ஒருவரை அவர் வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

ஆகவே அவரிடம் குழந்தை உளவியல் பேசிப் பயனில்லை. அக்கறையைக் கண்ணால் பார்க்கும்படி காட்ட வேண்டும். பிள்ளையின் ஜூன் மாத நோட்டையும் அக்டோபர் நோட்டையும் அவர் மடியில் வையுங்கள். அவர் கொண்டுவந்த மின்கட்டண ரசீதையோ கூட்டுறவு வங்கிக் கடிதத்தையோ பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை தடுமாறாமல் தமிழ் வாசித்தால், அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு யாரும் பிரம்பைக் கேட்டு வர மாட்டார்கள். அன்பான வகுப்பறை என்ற பெயரில் வாசிப்பையும் கணக்கையும் தளரவிடும் ஆசிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏழைப் பிள்ளைக்குச் செய்வது பெரிய அநியாயம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பள்ளியில் விட்டதை வீட்டில் பிடித்துக்கொள்ளும். உங்கள் பிள்ளைகளுக்கு உங்களை விட்டால் ஆளில்லை.

அடியைச் சட்டம் எப்போதோ தடுத்துவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. முதல் பாதி ஓரளவு நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் பாதி இன்னும் வரவில்லை. பிரம்பு செய்த வேலையை நாக்கு எடுத்துக்கொண்டது. "மாடு மேய்க்கத்தான் நீ லாயக்கு" என்று காங்கேயம் மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளையிடம் சொல்கிறோம். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கிளுவை வேலி கட்டி, எந்தப் புல் எந்த மாதம் வரும் என்று தெரிந்து, ஒரு காளைக் கன்றைப் பெயர் சொல்லி வளர்க்கும் தகப்பனின் தொழில் அது. அந்த ஒரு வாக்கியத்தில் பிள்ளையும் சிறுமைப்படுகிறான், அப்பனும் சிறுமைப்படுகிறார்.

பயிற்றுநராக இருந்தபோது பள்ளிபாளையம் பக்கம் தறிக்காரர்கள் நிறைந்த ஒரு தெருப் பள்ளிக்குப் போனேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையனைக் காட்டி, "இவன் மட்டும் அடங்கவே மாட்டான் சார், எதைக் கேட்டாலும் கத்துவான், கணக்கும் வராது" என்றார் ஆசிரியை. அவன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். உண்மையிலேயே கத்தினான். ஆனால் முகத்தில் திமிர் இல்லை, எனக்குக் கேட்க வேண்டுமே என்ற அக்கறைதான் இருந்தது. வீட்டை ஒட்டியே தறிக்கூடம். இரவும் பகலும் விசைத்தறி ஓடுகிறது. அம்மாவிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவன் பழகிய குரல் அது. அந்தக் குரலுக்காக நான்கு வருடம் அவன் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறான்.

தறியைப் பற்றிக் கேட்டேன். சத்தம் மாறினாலே இழை அறுந்திருப்பது தெரியும் என்றான். அப்பா ஓட்டும் தறியில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை மீட்டர் இறங்கும், மீட்டருக்கு என்ன கூலி, வாரக் கடைசியில் முன்பணத்துக்குப் பிடித்தது போக வீட்டுக்கு என்ன வரும் என்று வாய்க்கணக்காகவே சொன்னான். அதே கழித்தலை நோட்டில் எழுதச் சொன்னபோது, நடுவில் சுழியம் வந்த இடத்தில் கடன் வாங்கத் தெரியாமல் நின்றுவிட்டான். அவனுக்குக் கணக்கு வரும். நாம் எழுதும் முறைதான் அவனுக்கு வந்து சேரவில்லை. ஆசிரியை அருகில் நின்று ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறை நான் போனபோது கரும்பலகையில் பாடநூல் கணக்குக்குப் பதில் கூலிக் கணக்கு இருந்தது. அதைப் போடச் சொல்லி யாரும் அவருக்கு ஆணை அனுப்பவில்லை. என் வேலையில் நான் கண்ட சீர்திருத்தங்களில் உயிரோடு இருந்தவை பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

இனி நாமக்கல். கொங்கு நாட்டில் பள்ளிச் சீர்திருத்தம் பேசுகிறவர் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைத் தாண்டிப் போக முடியாது. 2007 முதல் 2016 வரை மருத்துவச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து நடந்தது. மதிப்பெண்ணே எல்லாம் என்று ஆனதும், அதை உற்பத்தி செய்யும் முறை ஒன்று அங்கே உருவாயிற்று. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம், விடியற்காலை தொடங்கி இரவு வரை படிப்பு, ஓயாத தேர்வு. ஜனங்களே அவற்றுக்கு பிராய்லர் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்துவிட்டுப் பிள்ளையையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

என் தங்கை மகள் அப்படி ஒரு பள்ளியில் படித்தாள். பெற்றோர் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருக்கிறேன். மரத்தடி முழுக்கக் குடும்பங்கள், டிபன் கேரியரில் கோழிக்குழம்பு, பிளாஸ்டிக் பையில் முறுக்கு. தங்கை பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே "என்ன கண்ணு இளைத்துவிட்டாய்" என்றாள். மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி "போன வாரத் தேர்வில் எத்தனை?" அவரைக் கல்நெஞ்சர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கட்டணத்துக்காகத் தோட்டத்தின் மேல் கடன் வாங்கியிருந்தார், வேறு எதையும் கேட்கும் நிலையில் அவர் இல்லை. அந்தப் பெண் இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். அந்தப் பள்ளிகளால் எத்தனையோ குடும்பங்களில் முதல் மருத்துவரும் முதல் பொறியாளரும் வந்தார்கள், அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. அதே மரத்தடியில், ஒன்றும் சாப்பிடாமல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுத பிள்ளைகளையும் பார்த்தேன். அவர்களுக்கு எந்த விளம்பரப் பலகையிலும் இடமில்லை.

இங்கே அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. கோபிசெட்டிபாளையத்துக்காரரான கே.ஏ.செங்கோட்டையன் பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்த 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிப் போவதைத் தடுக்க 2017-18 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பாடம் நடத்தப்பட்டது என்னவோ உண்மை. ஆனால் பிள்ளைகள் மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுத வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. பழைய வழக்கம் திரும்பி வருமா என்று பலரும் கவலைப்படுகிறார்கள், எனக்கும் அந்தக் கவலை உண்டு. இதற்கிடையே 2017இல் நீட் வந்து, அந்தப் பள்ளிகளில் பல தங்கள் விடுதிகளை நீட் பயிற்சிக்குத் திருப்பிக்கொண்டன. தேர்வை மாற்றினால் பள்ளி மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை கவனமாகப் பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் பயம் அப்படியே இருக்கும்வரை, புதுத் தேர்வுக்கு ஏற்ற புது விடுதி எழும்பிக்கொண்டே இருக்கும்.

தொடக்கப்பள்ளிகளில் நடந்தது வேறு கதை. எனக்கு அதில் நம்பிக்கையும் ஆற்றாமையும் சரிபாதி. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் முறையிலிருந்து எடுத்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளையின் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, வரைந்ததையெல்லாம் தொங்கவிடக் கம்பிப் பந்தல், பாடங்களைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் ஏணிப்படியில் அவரவர் நிற்கும் இடத்துக்கு ஏற்ற அட்டை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ பெற்றோரோடு போய்விட்டு இரண்டு மாதம் கழித்து வரும் பிள்ளை, விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். "இத்தனை நாள் எங்கே போனாய்?" என்ற விசாரணை இல்லை, மற்றவர்கள் தாண்டிப்போன பாடத்தைப் பார்த்து விழிக்க வேண்டியதும் இல்லை. உழைத்துப் பிழைக்க ஊர் ஊராகப் போகும் ஜனங்களை மனத்தில் வைத்துச் செய்தது போல எனக்கு அது பட்டது.

பிறகு என்ன ஆயிற்று? ஒரே ஆணையில் எல்லாப் பள்ளிக்கும் போயிற்று. ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கும் ஈராசிரியர் பள்ளிக்கும் அதே ஏற்பாடுதான். தொலைந்த அட்டைக்கு மறு அட்டை வரவில்லை. பார்வையிட வரும் அதிகாரி தட்டில் அட்டை வரிசையாக இருக்கிறதா, அடைவு அட்டவணை நிரப்பியிருக்கிறதா என்று பார்த்தார். பிள்ளை வாசிக்கிறாளா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அட்டையில் இல்லாத கதையைச் சொன்ன ஆசிரியர், அதிகாரியின் ஜீப் வரும் சத்தம் கேட்டுக் கதையைப் பாதியில் நிறுத்தியதை நானே பார்த்தேன். பிறகு 2012-13இல் முப்பருவ முறை, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்கும் திட்டம், கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க வந்தது, நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மதிப்பீட்டைச் செல்போனில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத பள்ளியில் ஆசிரியர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடக்கிறார், பிள்ளைகள் உள்ளே காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆசிரியர் ஒரு முறையில் கைதேறி வரும் நேரத்தில் அடுத்தது வந்துவிடுகிறது. அதனால்தான் பயிற்சி அரங்கின் கடைசி வரிசையில் "இதுவும் மூன்று வருடம்தான்" என்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணாதீர்கள். பலமுறை மனம் வைத்து ஏமாந்தவர்கள் அவர்கள்.

என் முடிவான கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை நம்பு, பேசவிடு, தவறு செய்ய இடம் கொடு என்று ஆசிரியருக்குச் சொல்லும் துறை, ஆசிரியரை நம்புவதில்லை, பேசவிடுவதில்லை, தவறு செய்ய இடம் கொடுப்பதில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்த தலைமையாசிரியரை மாவட்டக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்துகிறார்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஊர் திரும்பியதும், ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து "மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் தலைமையாசிரியர்கள் உண்டு. மேலே ஒருவர் பட்ட அவமானம் இப்படிப் படியிறங்கி, ஒன்றும் அறியாத ஒரு பிள்ளையின் தலையில் வந்து முடிகிறது. இதை மாற்றாமல் எந்தக் கற்பித்தல் முறையைக் கொண்டுவந்தாலும் அது அட்டையாகவும் படிவமாகவும்தான் மிஞ்சும்.

நம் மண்ணில் இதற்கெல்லாம் வேர் இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1930இல் தி.சு.அவினாசிலிங்கம் கோவையில் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயத்தில், சாதி பாராமல் சேர்ந்து வாழ்வதும் கையால் உழைப்பதும் படிப்பின் பகுதி. பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. அதே அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பை ஆரம்பத்திலேயே விட்ட ஜி.டி.நாயுடு, 1940களில் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்கினார். நான்கு வருடப் படிப்பை இரண்டு வருடத்தில் கற்றுத்தர முடியும் என்றார், அரசு ஏற்காதபோது விலகினார். கோவையின் மோட்டாரும் பம்புசெட்டும் பிரித்துப் போட்டு மாட்டிப் பார்த்துக் கற்றவர்கள் கையில் வளர்ந்த தொழில்கள். கையால் கற்றவனை இவ்வளவு கொண்டாடும் ஊர், தன் பிள்ளையைப் பள்ளியில் கையைக் கட்டி, வாயைப் பொத்தி உட்காரச் சொல்வது எனக்கு இன்றுவரை தீராத வருத்தம்.

ஆனால் கையுழைப்பைப் படிப்போடு சேர்ப்பதில் ஒரு பெரிய எச்சரிக்கையும் இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். அப்பன் தொழில் பிள்ளைக்கு என்று ஆகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. 1954இல் காமராசர் ஆட்சியில் அதைக் கைவிட்டதாக அறிவித்த கல்வி அமைச்சர், பொள்ளாச்சி செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.சுப்பிரமணியம். அந்த நினைவு நம் ஜனங்களிடம் இன்னும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். தறிக்காரர் பிள்ளையின் கூலிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அவன் இயற்கணிதம் வரை போக வேண்டும். தறியிலேயே நின்றுவிடும் பாடம் அவனுக்கு நாம் செய்யும் துரோகம்.

சாதியைப் பேசாமல் இங்கே மனிதநேயக் கல்வி பேசுவதில் பொருளில்லை. 2018இல் அவிநாசிக்குப் பக்கத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு சமையலர் பள்ளியில் சமைக்கக்கூடாது என்று ஊரார் தடுத்தது செய்தியில் வந்தது. செய்தியில் வராதவை நமக்குத் தெரியும். கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்ற யாரை அனுப்புகிறோம்? தலைமையாசிரியர் அறைக்குத் தேநீர் வாங்கி வர யாரை அனுப்புகிறோம்? அருந்ததியர் பிள்ளைக்கு ஒரு வேலை, கவுண்டர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேலை என்று வாய்விட்டு யாரும் சொல்வதில்லை, ஆனால் நடக்கிறது. உங்கள் பள்ளியில் இதை மட்டும் நீங்கள் ஒரு வாரம் கவனித்துக் குறித்துவையுங்கள். வேலைகளைச் சுழற்சி முறையில் எல்லாருக்கும் பங்கிட்டு, கழிப்பறைச் சுத்தத்தைப் பிள்ளைகளிடமிருந்து முழுவதும் எடுத்துவிட்டு, காலைச் சிற்றுண்டியில் ஒரே வரிசையில் நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இதற்குப் பயிற்சியும் வேண்டாம், நிதியும் வேண்டாம். எதிர்ப்பு வரும். வந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

இப்போது உங்கள் நண்பர்களின் பள்ளி. மாற்றுப் பள்ளிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனைகட்டியில் 2007இல் தொடங்கிய வித்யா வனம், பழங்குடிப் பிள்ளைகளால் நம்மில் பலர் நினைப்பதைவிட எவ்வளவோ அதிகம் முடியும் என்று காட்டியது. அப்படிப்பட்ட இடங்கள் தேவை. ஆனால் நண்பர்களிடம் சிலவற்றை நேராகக் கேளுங்கள். கட்டணம் எவ்வளவு, அதைக் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளை எங்கே போவான், எந்தத் தேர்வை எழுதுவான்? ஐந்து வருடம் கழித்துப் பணம் தீர்ந்தால் பிள்ளைகளின் கதி என்ன? கோவையில் நல்ல கட்டணம் வாங்கும் மாற்றுப் பள்ளிகளில் பிள்ளைகள் பயமில்லாமல் படிக்கிறார்கள், மகிழ்ச்சி. விழுந்தாலும் தாங்கிக்கொள்ள அவர்களுக்கு வீடு இருக்கிறது. விழுந்தால் தாங்க ஆளில்லாத பிள்ளை உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் போய்விட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்று எண்ணிப் பாருங்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்று மனம் அரித்தால், மே விடுமுறையில் அவர்களோடு இருந்து பாருங்கள். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இருப்பது என்று முடிவு செய்தால், பள்ளி முழுவதையும் மாற்றும் போரில் இறங்க வேண்டாம். உங்கள் வகுப்பு உங்களுடையது, அதில் உறுதியாக நில்லுங்கள். தலைமையாசிரியருக்கு வேண்டிய பதிவேடுகளைக் கேட்பதற்கு முன் முடித்துக் கொடுத்துவிடுங்கள். மேலே பதில் சொல்ல அவரிடம் காகிதம் இருந்தால் உங்கள் வகுப்பில் தலையிட அவருக்குக் காரணம் இருக்காது. 'சந்தையா' என்று கேட்கும் சக ஆசிரியருக்கு விளக்கம் சொல்வதைவிட, அவர் வகுப்பில் வாசிக்கத் திணறும் இரண்டு பிள்ளைகளை மாலையில் அரை மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் உங்களைப் போலவே வாய் மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவரோ இருவரோ கட்டாயம் இருப்பார்கள், கண்டுபிடியுங்கள். என்னைக் கடைசிவரை வேலையில் நிறுத்தியது துறையின் விருது எதுவுமல்ல. மாதம் ஒருமுறை கோபியில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் கூடி, எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று மணிக்கணக்காகப் பேசிய நான்கைந்து ஆசிரியர்கள்தான். பள்ளி மேலாண்மைக் குழுவையும் விட்டுவிடாதீர்கள். கையெழுத்துக்கு மட்டும் வரும் அம்மாமார்களிடம் கூட்டத்தில் ஒரே ஒரு பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கேட்காமலே கூட்டம் வரும்.

கடைசியாக அந்த ஒடிசாச் சிறுமி. நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் இருக்கும் இடமெல்லாம் இன்று இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம், அதன்படி சேர்த்துவிடுகிறோம், பிறகு தமிழ் தெரியாததை அறிவுக் குறைவு என்று எழுதிவிடுகிறோம். பல மாதம் பேசாமல் இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். புது மொழிக்குள் வந்த பிள்ளை முதலில் நெடுநாள் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். காது, பார்வை இரண்டையும் ஒருமுறை மருத்துவ முகாமில் பார்த்துவிடுங்கள். பிறகு நீங்கள் அவளிடம் மாணவியாகுங்கள். ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச என்று ஐந்துவரை ஒடியாவில் எண்ணிக் காட்டுங்கள். தவறாகச் சொன்னால் அவள் திருத்துவாள், அதுவே முதல் பேச்சாக இருக்கும். சொந்த ஊரில் பள்ளிக்குப் போயிருந்தால் ஒடிய எழுத்து அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தாளைக் கொடுத்துத் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதச் சொல்லி, கீழே தமிழில் நீங்கள் எழுதி, சுவரில் ஒட்டுங்கள். கணக்கைச் சொற்களில்லாமல் எண்களாகக் கொடுத்துப் பாருங்கள், அவள் எந்த வகுப்பில் நிற்கிறாள் என்று உடனே தெரிந்துவிடும். விளையாட்டில் அவளைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு தோழியைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். உங்களைவிட அந்தத் தோழிதான் வேகமாகத் தமிழ் கற்றுத்தருவாள். பெற்றோரைச் சந்திக்க ஞாயிற்றுக்கிழமை ஆலைக் குடியிருப்புக்குப் போங்கள், வார நாளில் ஷிப்டை விட்டு அவர்கள் வர முடியாது. மெதுவாகக் கற்போர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்கச் சொன்னால், அவள் மொழியில் அவளுக்கு என்ன தெரியும் என்று சோதித்தவர் யார் என்று கேளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் காற்றில் போய்விடும், எழுத்தில் கேட்டு, நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.